சலூன் கதிரையில் ஒரு கிளினிக்: அமெரிக்கக் கறுப்பினத்தவரின் இதயமும் அதன் நீண்ட கணக்கும்

லொஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் கறுப்பினத்தவர்கள் நடத்தும் 52 சலூன்களில் ஒரு மருத்துவ ஆய்வு நடந்தது. முடிவெட்ட வந்தவர்களில் குருதி அழுத்தத்தின் மேல் அளவு 140 அல்லது அதற்கு மேல் இருந்த 319 கறுப்பின ஆண்கள் அதில் சேர்ந்தார்கள். சலூன்களை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவில், முடிவெட்டுபவர் தன் வாடிக்கையாளரை ஒரு மருந்தாளருக்கு அறிமுகப்படுத்திவைப்பார். அந்த மருந்தாளர் சலூனுக்கே வந்து, அங்கேயே பிரஷர் பார்த்து, அங்கேயே மருந்தைத் தீர்மானிப்பார். மற்றப் பிரிவில், முடிவெட்டுபவர் வாடிக்கையாளருக்குப் புத்தி சொல்வார். வாழ்க்கை முறையை மாற்றுங்கள், டொக்டரிடம் போய்க் காட்டுங்கள் என்பார். அவ்வளவுதான்.

ஆறு மாதத்தின் பின் பார்த்தபோது, மருந்தாளர் வந்துபோன சலூன்களில் சராசரி மேல் அளவு 153இலிருந்து 126ஆக இறங்கியிருந்தது. புத்தி சொன்ன சலூன்களில் 155இலிருந்து 145. முதல் பிரிவில் நூற்றுக்கு 64 பேர் 130/80 என்ற இலக்குக்குக் கீழே வந்திருந்தார்கள். இரண்டாவது பிரிவில் நூற்றுக்கு 12 பேர்.

2018 மார்ச்சில் நியூ இங்கிலாந்து ஜேர்னல் ஒஃப் மெடிசின் சஞ்சிகையில் இந்த முடிவுகள் வெளியாகின. நான் அதை வாசித்தது பல காலம் கழித்து, ஒரு கிளினிக் நாளில். அம்மாவின் கிளினிக் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, அவருடைய இலக்கம் வரும்வரை கைபேசியில் எதையோ தேடிக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்டது. நான் வைத்தியம் படித்தவனல்ல. ஊடகக் கற்கைகள்தான் படித்தேன். ஆனாலும் 64க்கும் 12க்கும் இடையிலான தூரம் என்னை விடவில்லை. நாங்கள் ‘விழிப்புணர்வு’ என்ற சொல்லை எவ்வளவு இலகுவாகப் பாவிக்கிறோம்! துண்டுப்பிரசுரம், நடைபவனி, வானொலியில் இரண்டு நிமிடம். இரண்டாவது பிரிவுச் சலூன்களுக்குக் கிடைத்தது அந்த விழிப்புணர்வு. முதலாவது பிரிவுக்குக் கிடைத்தது வைத்தியம்.

ஏன் இந்த ஆய்வைக் கறுப்பினத்தவர்களிடம், அதுவும் சலூனில் செய்ய வேண்டியிருந்தது என்பதற்கு ஒரு நீண்ட கதை இருக்கிறது. அரச நிறுவனங்களை நம்பலாமா என்று யோசித்து யோசித்தே பழகிய ஒரு சமூகத்தின் கதை அது. எங்கள் வாசகர்களுக்கு இதற்குமேல் அறிமுகம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

இடைவெளியின் அளவு

1985இல், ரீகன் ஆட்சியில் சுகாதாரச் செயலாளராக இருந்த மார்கரெட் ஹெக்லரின் பெயரால் அறியப்படும் ஓர் அரச அறிக்கை வெளியானது. வெள்ளையினத்தவரின் இறப்பு வீதத்தோடு ஒப்பிட்டால், கறுப்பினத்தவர்களும் பிற சிறுபான்மையினரும் ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 பேர் மேலதிகமாக இறக்கிறார்கள் என்று அது கணக்கிட்டது. அந்த மேலதிக இறப்புகளில் பெரும்பகுதிக்குக் காரணமானவை என்று அறிக்கை சுட்டிய ஆறில் இதய நோயும் பக்கவாதமும் அடங்கும். ‘மேலதிக இறப்பு’ என்பது உலர்ந்த சொல். இரு இனத்தவரும் ஒரே வீதத்தில் இறந்திருந்தால் உயிரோடு இருந்திருக்கக்கூடியவர்கள் என்பதே அதன் பொருள்.

அறிக்கை வந்தது, பேசப்பட்டது, அலுவலகங்கள் திறக்கப்பட்டன. 2023இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் இன்னொரு கணக்கு வந்தது. 1999 முதல் 2020 வரையான காலத்தில் கறுப்பினத்தவரிடையே ஏற்பட்ட மேலதிக இறப்புகள் 16 இலட்சத்து 30 ஆயிரம். காரணங்களில் முன்னுக்கு நின்றது இதய நோய்.

இலட்சங்களில் சொல்லும்போது எதுவும் உறைப்பதில்லை. எனக்கு உறைத்தது மிகச் சிறிய ஓர் எண். அமெரிக்காவின் நான்கு நகரங்களில் 1985இலும் 86இலும் 18 முதல் 30 வயதுக்குட்பட்ட 5,115 இளைஞர்களைச் சேர்த்து ‘கார்டியா’ என்ற ஆய்வு தொடங்கியது. ஏறத்தாழப் பாதிப்பேர் கறுப்பினத்தவர், பாதிப்பேர் வெள்ளையினத்தவர். இருபது ஆண்டுகளாக அவர்களைப் பின்தொடர்ந்தார்கள். 50 வயதுக்கு முன் 27 பேருக்கு இதயச் செயலிழப்பு ஏற்பட்டது. அந்த 27 பேரில் 26 பேர் கறுப்பினத்தவர். இருபது வயதுகளிலேயே அவர்களிடம் தெரிந்த முக்கியமான அடையாளம் உயர் குருதி அழுத்தம். அந்த வயதில் யார் பிரஷர் பார்க்கப் போகிறார்கள்?

இரத்தத்தில் இருப்பதா?

இந்த வித்தியாசத்துக்கு அமெரிக்காவில் நெடுங்காலமாகச் சொல்லப்பட்ட விளக்கம், அது அவர்களுடைய உடம்பிலேயே இருக்கிறது என்பது. அடிமைக் கப்பல்களில் வந்தபோது உடலில் உப்பைத் தக்கவைக்கக்கூடியவர்கள்தான் உயிர் பிழைத்தார்கள், அவர்களின் வழிவந்தவர்களுக்கு அதனால்தான் பிரஷர் என்று ஒரு கதையும் உண்டு. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அதற்கான வரலாற்று ஆதாரம் பலவீனமானது என்று வரலாற்றாசிரியர்கள் காட்டியிருக்கிறார்கள்.

சிக்காகோவைச் சேர்ந்த ரிச்சர்ட் கூப்பர் என்ற தொற்றுநோயியலாளர் இதை நேரடியாகவே அளந்து பார்த்தார். மேற்கு ஆபிரிக்க வழிவந்த ஏழு மக்கள் குழுக்களை அவரது குழு ஒப்பிட்டது. 1997இல் வெளியான முடிவின்படி உயர் குருதி அழுத்தம் மேற்கு ஆபிரிக்காவில் நூற்றுக்கு 16 பேருக்கும், கரீபியத் தீவுகளில் 26 பேருக்கும், அமெரிக்காவில் 33 பேருக்கும் இருந்தது. ஒரே வேரிலிருந்து வந்தவர்கள்தான். கடலைத் தாண்டி அமெரிக்காவை நெருங்க நெருங்க எண் ஏறுகிறது. 2005இல் அதே குழு வெள்ளையின மக்களையும் சேர்த்துப் பார்த்தது. ஆபிரிக்க வழிவந்த மக்களிடையே வீச்சு 14 முதல் 44 வரை. ஐரோப்பிய வழிவந்தவர்களிடையே 27 முதல் 55 வரை. நைஜீரியர்கள் அடிமட்டத்தில், ஜேர்மனியர்கள் உச்சியில். இனம்தான் காரணம் என்றால் இந்த வரிசை இப்படி இருக்க முடியாது.

மரபணுவுக்கு இடமே இல்லை என்று நான் எழுதினால் அது பொய்யாகிவிடும். அமெரிக்கக் கறுப்பினத்தவரில் நூற்றுக்கு மூன்று நான்கு பேரிடம் இருக்கும் ஒரு மரபணு மாற்றம், முதுமையில் இதயத் தசையில் ஒருவகைப் புரதம் படிந்து இதயம் விறைத்துப்போக வழிசெய்கிறது. அது உண்மையான, தேடிப் பார்க்கவேண்டிய நோய். ஆனால் அந்த ஒன்றை வைத்து 16 இலட்சம் இறப்புகளை விளங்கப்படுத்த முடியாது.

‘பைடில்’ என்ற மாத்திரையின் கதையையும் இங்கே சொல்லவேண்டும். 2005இல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் இதயச் செயலிழப்புக்கான ஒரு மருந்தை ‘தம்மைக் கறுப்பினத்தவர் என அடையாளப்படுத்துவோருக்கு’ என்று குறிப்பிட்டு அங்கீகரித்தது. ஓர் இனத்துக்கென்று அங்கு அங்கீகரிக்கப்பட்ட முதல் மருந்து அதுதான். 1,050 கறுப்பின நோயாளர்களிடம் நடந்த ஆய்வில் இறப்பு 43 வீதம் குறைந்தது. பெரிய நன்மை, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த ஆய்வில் கறுப்பினத்தவர்கள் மட்டுமே இருந்தார்கள். மற்றவர்களுக்கு அது வேலை செய்யாது என்று எப்படித் தெரியும்? அதைவிட, பைடில் என்பது ஏற்கெனவே மலிவாகக் கிடைத்த இரண்டு பழைய மருந்துகளின் கலவை. சேர்த்து ஒரே மாத்திரையாக்கிய பிறகு விலை பல மடங்கு. காப்புறுதி நிறுவனங்கள் தயங்கின, விற்பனை படுத்தது. ‘உங்களுக்காகவே’ என்று சொல்லி வந்த மருந்து, சேரவேண்டியவர்களில் மிகப் பலருக்குப் போய்ச் சேரவேயில்லை.

அண்மையில் ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. மாரடைப்பு ஆபத்தைக் கணிக்க அமெரிக்க வைத்தியர்கள் 2013 முதல் பயன்படுத்திய சூத்திரத்தில் கறுப்பினத்தவர், வெள்ளையினத்தவர் என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. 2023இல் அமெரிக்க இதயச் சங்கம் வெளியிட்ட ‘பிரிவென்ட்’ என்ற புதிய சூத்திரத்தில் இனம் இல்லை. பதிலாகச் சிறுநீரகத்தின் நிலையைக் கணக்கில் எடுக்கிறார்கள். வாழும் இடத்தின் சமூக நிலையையும் விரும்பினால் சேர்க்கலாம். பழைய சூத்திரத்தில், அமெரிக்காவில் வாழும் எங்கள் உறவுகளுக்குக் கட்டமே இருக்கவில்லை என்பதையும் சொல்லிவிட்டுப் போகிறேன். தெற்காசியர்களுக்கு மாரடைப்பு ஆபத்துக் கூடுதல் என்று தெரிந்திருந்தும் வெள்ளையினத்தவருக்கான கட்டத்திலேயே அவர்களையும் போட்டார்கள்.

வைத்தியசாலை வாசலில்

உடம்பில் இல்லையென்றால் வேறு எங்கே? ஒரே பதில் இல்லை. ஆனால் தேடினால் பெரும்பாலும் ஒரு சட்டமோ ஒரு வரைபடமோ அகப்படுகிறது.

1946இல் அமெரிக்க மத்திய அரசு நாடெங்கும் வைத்தியசாலை கட்டப் பணம் ஒதுக்கியது. ஹில்-பேர்ட்டன் சட்டம் என்று அதற்குப் பெயர். தனித்தனியாக ஆனால் சமமான வசதிகள் இருந்தால் இனப்பிரிவினை செய்யலாம் என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருந்தது. அதாவது கறுப்பினத்தவரின் வரிப்பணமும் சேர்ந்து, அவர்களை உள்ளே விடாத வைத்தியசாலைகள் எழுந்தன. வட கரோலினாவின் கிறீன்ஸ்பரோ நகரில் ஜோர்ஜ் சிம்கின்ஸ் என்ற கறுப்பினப் பல் வைத்தியரும் அவருடைய சகாக்களும் வழக்குப் போட்டார்கள். 1963இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்த வாசகத்தை அரசியலமைப்புக்கு முரணானது என்றது.

தீர்ப்பு வந்தும் கதவுகள் உடனே திறக்கவில்லை. திறக்கவைத்தது பணம். 1966 ஜூலையில் முதியோருக்கான ‘மெடிகெயார்’ அரச காப்புறுதி தொடங்கியது. பிரிவினை செய்யும் வைத்தியசாலைக்கு அந்தப் பணம் கிடைக்காது என்று அரசு சொன்னது. நான்கு மாதங்களுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வைத்தியசாலைகள் தங்கள் பிரிவினையைக் கைவிட்டன. தலைமுறை தலைமுறையாக ‘முடியாது’ என்றவர்களுக்கு நான்கு மாதம் போதுமாக இருந்தது.

1966இல் இருபது வயதாக இருந்த ஒருவருக்கு இப்போது எண்பது. அவர் பிறந்த காலத்தில் தாயை ஏற்றுக்கொள்ளாத வைத்தியசாலைகள் இருந்தன. இதை வரலாறு என்று சொல்வதா, அவருடைய மருத்துவக் குறிப்பு என்று சொல்வதா?

வரைபடத்தின் கதையும் இதே காலத்தைச் சேர்ந்தது. 1930களில் வீட்டுக்கடன் வழங்கும் அரச அமைப்பொன்று நகரங்களின் வரைபடங்களில் கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகளைச் சிவப்பால் குறித்து, ஆபத்தான முதலீடு என்று எழுதிவைத்தது. அங்கே கடன் இல்லை. ஆகவே சொந்த வீடு இல்லை, சேர்ந்துவரும் சொத்து இல்லை, நல்ல மரக்கறிக் கடையும் வருவதில்லை. உணவுப் பழக்கத்தைப் பற்றிப் பேசும்போது இது மறந்துபோகிறது. 30,000க்கும் மேற்பட்டோரைப் பின்தொடர்ந்த ‘ரிகார்ட்ஸ்’ ஆய்வு 2018இல் ஒரு விடயத்தைக் காட்டியது. கறுப்பின ஆண்களுக்கு உயர் குருதி அழுத்தம் வரும் மேலதிக ஆபத்தில் ஏறத்தாழப் பாதியைத் தென்மாநில உணவுமுறை விளக்குகிறது: பொரித்தவை, பதப்படுத்திய இறைச்சி, சீனி போட்ட பானங்கள். பெண்களிடம் அது மூன்றில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவு. இதை வாசித்துவிட்டு ‘வாயைக் கட்டினால் சரி’ என்பவர்கள் இருப்பார்கள். அந்தச் சாப்பாடு அந்தத் தெருவுக்கு எப்படி வந்தது என்பது அவர்களுக்கான கேள்வி.

டொக்டரின் அறைக்குள்

1999இல் வெளியான ஓர் ஆய்வு அமெரிக்காவையே உலுக்கியது. எட்டு நடிகர்களை நோயாளர்களாக நடிக்கவைத்து, நெஞ்சுவலியைப் பற்றி ஒரே வசனத்தைப் பேசவைத்துக் காணொளி எடுத்தார்கள். 720 வைத்தியர்களுக்கு அதைக் காட்டி, இவரை இதயக் குழாய்ப் பரிசோதனைக்கு அனுப்புவீர்களா என்று கேட்டார்கள். கறுப்பினத்தவர்களையும் பெண்களையும் அனுப்பும் வாய்ப்பு 40 வீதம் குறைவு என்று ஊடகங்கள் எழுதின.

அது பிழை. ஊடகம் படித்தவன் என்ற முறையில் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். ஆய்வாளர்கள் தந்தது ‘ஒட்ஸ் ரேஷியோ’ என்ற ஒரு விகிதம். செய்தியாளர்கள் அதை நேரடி வீதமாக எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் வெள்ளையினத்தவரில் 90.6 வீதமானவர்களை அனுப்பப் பரிந்துரைத்தார்கள், கறுப்பினத்தவரில் 84.7 வீதமானவர்களை. வித்தியாசம் 40 அல்ல, ஏறத்தாழ 7 வீதம். சில மாதங்களின் பின் அதே சஞ்சிகையிலேயே இது சுட்டிக்காட்டப்பட்டது.

திருத்திய கணக்கில்தான் முக்கியமான விடயம் தெரிந்தது. வெள்ளையின ஆண், வெள்ளையினப் பெண், கறுப்பின ஆண் மூவருக்கும் இடையே வித்தியாசமே இல்லை. கறுப்பினப் பெண்ணுக்கு மட்டும் 78.8 வீதம். மொத்த இடைவெளியும் அவள் தலையில்தான் விழுந்திருந்தது. பெருப்பித்த எண் தலைப்புச் செய்தியானது. அந்தப் பெண் அதற்குள் காணாமற்போனாள். ஒடுக்கப்பட்டவர்களின் பக்கம் நின்று எழுதுகிறோம் என்பதற்காக எண்ணைப் பெருப்பிக்கத் தேவையில்லை என்பதற்கு இந்தக் கதையை நான் இளம் நண்பர்களுக்குச் சொல்வதுண்டு.

நம்பிக்கை

அலபாமாவின் டஸ்கிகீயில் 1932 முதல் 1972 வரை அமெரிக்கப் பொதுச் சுகாதார சேவை ஒரு பரிசோதனை நடத்தியது. சிபிலிஸ் நோயுள்ள 399 ஏழைக் கறுப்பின ஆண்கள், நோயில்லாத 201 பேர். உங்களுக்கு ‘கெட்ட இரத்தம்’, நாங்கள் வைத்தியம் செய்கிறோம் என்று சொல்லிவிட்டு, நோய் உடலை எப்படித் தின்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1947 அளவில் பெனிசிலின் நிலையான சிகிச்சையாகிவிட்டது. அதன் பின்னும் 25 ஆண்டுகள் கொடுக்கவில்லை. பீற்றர் பக்ஸ்டன் என்ற ஊழியர் உள்ளே முறையிட்டுப் பலனில்லாமல் தகவலை வெளியே கொடுத்தார்; 1972இல் ஜீன் ஹெலர் என்ற அசோசியேட்டட் பிரஸ் செய்தியாளர் அதை எழுதினார். 1997இல்தான் ஜனாதிபதி கிளின்டன் மன்னிப்புக் கேட்டார்.

அந்தச் செய்தியின் பின் என்ன நடந்தது என்பதை மார்செல்லா அல்சன், மரியான் வனமேக்கர் என்ற இரண்டு பொருளியலாளர்கள் 2018இல் கணக்கிட்டார்கள். கறுப்பின ஆண்கள் வைத்தியரிடம் போவது குறைந்தது. 45 வயதில் அவர்களது ஆயுள் எதிர்பார்ப்பு ஒன்றரை ஆண்டுவரை குறைந்தது. ஒரு செய்தி, அதுவும் உண்மையான, எழுதப்பட்டே ஆகவேண்டிய செய்தி, வாசித்தவர்களின் ஆயுளையும் குறைத்தது என்பதை ஒரு செய்தியாளனாக நான் எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

இருந்தாலும் எல்லாவற்றையும் டஸ்கிகீயின் மேல் போடுவது வசதியான வழி என்று நினைக்கிறேன். பழைய குற்றம் ஒன்றைக் காட்டினால் இன்றைய வரிசை, இன்றைய அலட்சியம், நோயாளியின் முகத்தைப் பார்க்காமல் எழுதும் இன்றைய கை எல்லாம் தப்பித்துவிடும். அல்சன் பின்னர் ஓக்லாந்து நகரில் செய்த சோதனை அதைத்தான் காட்டுகிறது. சலூன்களிலும் பழைய பொருட்சந்தைகளிலும் 1,300க்கும் மேற்பட்ட கறுப்பின ஆண்களைச் சந்தித்து, கிளினிக்குக்கு வந்தவர்களை ஒழுங்கு பாராமல் சிலரைக் கறுப்பின வைத்தியர்களிடமும் சிலரை மற்ற வைத்தியர்களிடமும் அனுப்பினார்கள். வைத்தியரின் புகைப்படத்தைப் பார்க்கும்வரை பரிசோதனைக்கு உடன்பட்டவர்களின் அளவில் வித்தியாசமில்லை. நேரில் கதைத்த பின்னர்தான், கறுப்பின வைத்தியரைச் சந்தித்தவர்கள் இரத்தப் பரிசோதனைகளுக்குக் கூடுதலாகச் சம்மதித்தார்கள். அவநம்பிக்கையைச் சுமந்துகொண்டு வந்தவர்கள்தான். ஐந்து பத்து நிமிடக் கதையில் மனம் மாறினார்கள். இதைப் பரவலாக்கினால் ஆண்களிடையே இதய நோய் இறப்பு இடைவெளியில் 19 வீதத்தைக் குறைக்கலாம் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள்.

மிசிசிப்பியின் ஜக்சன் நகரில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய இதய ஆய்வையும் இங்கே குறிப்பிடவேண்டும். இதய நோய்க்கான காரணிகளை உலகுக்குச் சொன்ன பிரபல பிரேமிங்ஹாம் ஆய்வில் 1948இல் சேர்க்கப்பட்ட 5,209 பேரும் ஏறத்தாழ முழுமையாக வெள்ளையினத்தவர். ஜக்சனில் 5,300க்கும் மேற்பட்ட கறுப்பினத்தவர்கள் சேர்ந்தார்கள். மாநிலத்தின் மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு, கறுப்பினத்தவருக்கென உருவான ஜக்சன் அரச பல்கலைக்கழகமும் ருகலூ கல்லூரியும் பங்காளிகள். ஆய்வுப் பொருளாக மட்டுமல்ல, ஆய்வு செய்பவர்களாகவும் அந்தச் சமூகத்தின் பிள்ளைகள் பயிற்றப்பட்டார்கள்.

மீண்டும் அந்தக் கதிரை

லொஸ் ஏஞ்சல்ஸ் ஆய்வை வழிநடத்தியவர் ரொனால்ட் விக்டர் என்ற இதய வைத்திய நிபுணர். அது அவருடைய முதல் முயற்சியல்ல. அதற்கு முன் டலஸ் பகுதியில் 17 சலூன்களில் ஆய்வு செய்திருந்தார். அங்கே முடிவெட்டுபவர்களே பிரஷர் பார்த்து, கூடினால் வைத்தியரிடம் போகும்படி வாடிக்கையாளரை அனுப்பினார்கள். பலன் இருந்தது, ஆனால் சிறியது. கதிரையிலிருந்து எழுந்த மனிதர் வைத்தியர் அறைக்குப் போய்ச் சேரும் வழியில் ஏதோ ஒன்று அறுந்துகொண்டே இருந்தது. சந்திப்புக்குத் திகதி இல்லை, வேலையிடத்தில் லீவு இல்லை, போனாலும் வைத்தியர் மருந்தைக் கூட்டுவதில்லை. விக்டரின் குழு அந்த வழியையே எடுத்துவிட்டு மருந்தாளரைக் கதிரைக்கருகே கொண்டுவந்து இருத்தியது.

மருந்துகளில் புதுமை எதுவும் இல்லை. எங்கள் கிளினிக் கொப்பிகளிலும் இருக்கும் அம்லோடிபின், அதனோடு லோசார்ட்டான் வகையைச் சேர்ந்த இன்னொன்று, போதாவிட்டால் இண்டபமைட் என்ற சலம்போக்கும் மாத்திரை. வைத்தியருடன் முன்கூட்டியே செய்த உடன்படிக்கையின்படி மருந்தாளர் அளவைக் கூட்டுவார், குறைப்பார். விரலில் குத்தி எடுத்த இரத்தத்தில் உப்புச்சத்தையும் சிறுநீரகத்தையும் சலூனிலேயே பார்த்தார்கள். மருந்தாளரைச் சந்திக்கும் ஒவ்வொரு முறைக்கும் 25 டொலர் கொடுத்தார்கள். மருந்து வாங்கும் செலவுக்கும் பாமசிக்குப் போய்வரும் செலவுக்கும் அது உதவும். இன்னொன்றும் எனக்குத் தோன்றியது. பிரஷர் பார்க்க முதுகு சாய்ந்து, கை தாங்கியபடி, சற்று நேரம் அசையாமல் இருக்கவேண்டும். சலூன் கதிரை அதற்கென்றே செய்ததுபோல இருக்கிறது. அளக்கும்போது கதைக்கக்கூடாது என்ற விதியை மட்டும் ஒரு சலூனில் எப்படிக் காப்பாற்றினார்களோ தெரியாது.

ஆறு மாதம் கழித்தும் நூற்றுக்கு 95 பேர் ஆய்வில் நிலைத்திருந்தார்கள். விக்டர் 2018 செப்ரெம்பரில் காலமானார். டிசம்பரில் பன்னிரண்டு மாத முடிவு வந்தது. மருந்தாளர் வருவதைக் குறைத்த பின்னும் 28 புள்ளிகளுக்குமேல் இறங்கிய அழுத்தம் திரும்ப ஏறவில்லை.

இவ்வளவு நல்ல முடிவு வந்த பிறகு அமெரிக்காவின் ஒவ்வொரு கறுப்பினச் சலூனிலும் ஒரு மருந்தாளர் இருக்கவேண்டும் என்றுதானே நினைப்போம். இல்லை. ஆய்வுக்குப் பணம் தந்தது தேசிய சுகாதார நிறுவனம். ஆய்வு முடிந்தால் அந்தப் பணமும் முடியும். மருந்தாளரின் இந்த வேலைக்குச் சம்பளம் யார் தருவது? 1966இல் வைத்தியசாலைக் கதவுகளைத் திறந்த அதே மெடிகெயார், மருந்தாளரைக் கட்டணம் கோரக்கூடிய வைத்திய சேவையாளராக ஏற்பதில்லை. மிசிசிப்பி போன்ற தென்மாநிலங்கள் சில, ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் காப்புறுதியை விரிவாக்க மத்திய அரசு பெரும்பங்கு பணம் தருகிறோம் என்றும் மறுத்து நிற்கின்றன. ஜக்சன் இதய ஆய்வு நடக்கும் மாநிலமும் அதுதான். ஒரு மக்களின் இதயத்தைப் பற்றி இருபது வருடங்களுக்குமேல் உலகத்துக்குச் சொல்லித்தந்த ஊரில், காப்புறுதி இல்லாமல் மருந்தை அரைவாசியாக உடைத்துப் போடுபவர்கள் இருக்கிறார்கள்.

எங்கள் பக்கத்திலும் இதற்கு நெருங்கிய ஒரு முயற்சி நடந்திருக்கிறது. இலங்கை, பங்களாதேஷ், பாகிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலும் 30 கிராமப்புறச் சமூகங்களில், 2,645 பேரிடம் நடந்த ‘கோப்ரா’ ஆய்வு 2020இல் அதே சஞ்சிகையில் வெளியானது. கிராமத்துச் சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகப் போய்ப் பிரஷர் பார்த்து, கதைத்து, கூடினவர்களைப் பயிற்சி பெற்ற வைத்தியர்களிடம் அனுப்பினார்கள். இரண்டு வருடத்தின் பின் மற்றக் கிராமங்களைவிட அங்கே மேல் அளவு சராசரியாக 5 புள்ளி அதிகமாக இறங்கியிருந்தது. லொஸ் ஏஞ்சல்ஸின் எண்ணோடு இதை நேராக ஒப்பிட முடியாது. இங்கே தொடக்க அளவு குறைவு, காலம் நீளம், கிராமம் வேறு. ஆனால் இங்கும் ஊழியரின் கையில் மருந்து இருக்கவில்லை என்பதைக் கவனித்தேன்.

இதை எழுதத் தொடங்கிய வாரம், சந்தியில் நான் வழமையாக முடிவெட்டும் அண்ணையிடம் அமெரிக்கக் கதையைச் சொன்னேன். கத்தரியை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, “மெஷின் ஒண்டு வாங்கி வைக்கலாம் தம்பி, அது பெரிய காசில்லை. கூடவெண்டு காட்டினா நான் ஆரிட்டை அனுப்புறது? கிளினிக்குக்கு எண்டா ஆக்கள் ஒரு நாள் கூலியை விடவேணும்” என்றார்.

எங்கள் நாட்டில் மருந்தாளர் மருந்து எழுத முடியாது. அவருடைய கடைக்கு இரண்டு கடை தள்ளி ஒரு பாமசி இருக்கிறது. அங்கே இருப்பவரிடம் நான் இன்னும் கதைக்கவில்லை.